வரிசைக்கு எத்தனை?

"என் மூணாம் நம்பர் மெஷின்லதான் சரக்கு பழுதாகுதா? வேலைக்கே உலை வெச்சிட்டியேம்மா!" கம்ப்யூட்டர் அறையில் பட்டியல் போடும் பெண்ணிடம் கத்தினார் தொழிலாளி.

"கோவப்படாதீங்கண்ணே. கம்ப்யூட்டர்ல சேமிச்சு வெச்ச பழுதுக் கணக்கு நம்பரெல்லாம் ஒரே நீள வரியாத்தான் திரும்ப வரும். வரிசைக்கு எத்தனைன்னு நான்தான் சொல்லணும். மாசத்துக்கு ஒரு வரிசை, அதுல ஏழு மெஷின். நான் மாசக் கணக்கை நினைச்சு பன்னிரண்டுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

ஏழு ஏழாக அடுக்கினாள். நவம்பர் மாதப் பழுதெல்லாம் ஐந்தாம் எந்திரத்தின் கீழ் போய் நின்றது.

"அப்பாடா! அஞ்சாம் நம்பர்காரன்கிட்ட இதை யாரு சொல்றது? முன்கோபியாச்சே!"

"நானே சொல்லிக்கறேண்ணே. என் வீட்டுக்காரர்தானே" என்றபடி மேலாளருக்குத் திருத்திய பட்டியலை அனுப்பினாள்.

மாலையில் வீட்டில் அவள் எப்படிப் பேச்சை ஆரம்பிக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.