நாற்காலியில் ஒரு சுற்று

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, எலும்பு மருத்துவமனையின் பின்தெருவில் ஒரு தரைத்தள வீடு காலியானது. மறுநாள் காலையே அதைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது.

அம்மா, மகள், மகன்.

கால் எலும்பை நீளமாக்கும் ஆபரேஷன், சில மாதம் தங்க வேண்டியிருக்கும், படி இல்லாத வீடாக வேண்டும் என்று அம்மாதான் போனில் சொல்லியிருந்தாள். யாருக்கு என்று தரகர் கேட்கவில்லை. நேரில் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

தெரிந்துவிட்டது. மகளின் இடது செருப்புக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்கு ரப்பர் கட்டை ஒட்டியிருந்தது. ஓர் அடி விட்டு ஓர் அடி அது தரையில் தட்டியது. முப்பதைத் தாண்டியிருப்பாள். இவ்வளவு நாள் ஏன் விட்டு வைத்தார்களோ என்று தரகர் நினைத்துக்கொண்டார்.

மகன் காதும் செல்போனுமாக கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அம்மா நேரே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வாளியை வைத்தாள்.

இந்தத் தெருவில் வீடு பிடித்துக் கொடுத்தே தரகருக்குத் தலை நரைத்துவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கும் வீட்டை அவர் நம்பமாட்டார். அவருடைய வண்டியில் எப்போதும் ஒரு பழைய சக்கர நாற்காலி கிடக்கும். அதை இறக்கி, நோயாளியை உட்கார வைத்து, வீடு முழுக்கத் தள்ளிப் பார்ப்பார். இடித்தால் அடுத்த வீடு.

இன்றும் இறக்கினார். கூடத்தின் நடுவில் விரித்து, இருக்கையைத் துண்டால் தட்டினார்.

"உக்காரு தங்கச்சி."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தாள்.

"காலை நீட்டிக்க. சுத்தி இரும்பு வளையம் மாட்டியிருப்பாங்க, மடக்க வராது."

இடது காலை மட்டும் நீட்டினாள்.

தரகர் தள்ளினார். படுக்கையறை வாசல் சுகமாக வழிவிட்டது. கட்டில் சரியான உயரம், நாற்காலியிலிருந்து அப்படியே நகர்ந்து போய்விடலாம். குளியலறைக்கு முன்னால் ஒரு விரற்கடை மேடு இருந்தது. பலகை போட்டுவிடலாம் என்றார். பிறகு ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினார். தினமும் அந்த வளையத்தின் கம்பியைத் திருகி எலும்பை விலக்கும்போது கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

"அந்தத் திருகல்ல உயிர் போயிட்டு வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது அடுத்த வீட்டோட ஒட்டாத சுவர். வாய்விட்டு அழலாம். எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

அவள் சிரித்துவிட்டாள்.

கட்டில் நீளம் போதுமா என்று கேட்டாள். இவளைவிட ஒரு முழம் உயரமானவர் படுத்தாலும் இடம் மிஞ்சும் என்றார் தரகர். பக்கத்தில் தரையில் ஒருவர் படுக்க முடியுமா என்று கேட்டாள். அம்மா தாராளமாகப் படுக்கலாம் என்றார்.

சமையலறையில் நாற்காலியிலிருந்தே கையை நீட்டி, அடுப்பு மேடையின் உயரத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கமே நீ வரக் கூடாது. மகாராணியாட்டம் உக்காந்த இடத்துல சாப்பிடணும். எல்லாம் முடிஞ்சதும் இந்தச் செருப்பைத் தூக்கிக் கடாசு. கடையில ஜோடி ஜோடியா தொங்குது பாரு, அதுல ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு எங்கிட்ட நடந்து வந்து காட்டிட்டுப் போ."

கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். எங்கும் இடிக்கவில்லை. தரகர் கைப்பிடியை விட்டார்.

"இன்னொரு சுத்து போலாமாண்ணே?"

"எங்கயாச்சும் உரசுச்சா?"

"இல்ல. சும்மாத்தான்."

மறுபடி தள்ளினார். இந்த முறை அவள் வாசலையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. நீட்டிய காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தரகர் தன்னையறியாமல் மெதுவாகத் தள்ளினார்.

குழாய் நின்றது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"நீ எதுக்குடி இதுல ஏறி உக்காந்திருக்க?" என்றவள், கேட் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "டேய், போனை வச்சுட்டு உள்ள வா. நீ உக்காந்து பாத்தாத்தானே தெரியும்?"

மகன் வாசலை ஒரே எட்டில் தாண்டி வந்தான். கட்டுமஸ்தான பையன். எந்தக் குறையும் இல்லாத கால்கள். தரகரின் தோள் உயரம்தான் இருந்தான்.

"நல்ல வேலை, நல்ல குணம். போற இடத்துல எல்லாம் உயரத்தைச் சொல்லியே தட்டிக் கழிக்கிறாங்கண்ணே. ரெண்டு கால்லயும் செஞ்சா இவ்வளவு ஏறும்னு டாக்டர் சொல்லிட்டாரு." அம்மா நாலு விரலைச் சேர்த்துக் காட்டினாள். "கூட இருந்து இவ பாத்துப்பா. இவளுக்கென்ன, பொறந்ததுலேருந்து பழகிப்போச்சு."

தரகர் அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் செருப்பைப் பார்க்கவில்லை.

மகள் அதற்குள் எழுந்திருந்தாள். நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டினான்.

தரகர் கைப்பிடிக்கு வந்தார். அவள் விடவில்லை.

அவளே தள்ளிக்கொண்டு போனாள். படுக்கையறை, குளியலறை, சமையலறை. செருப்பின் தட்டல் மட்டும் கேட்டது.

நாற்காலி எங்கும் இடிக்கவில்லை. வீடு அன்றே முடிவானது.