பெட்டிமேல் ஒரு முகம்

மாம்பழப் பெட்டியின் கியூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் தோட்டக்காரர் முனிரத்தினத்தின் சிரித்த முகம் வரும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் சீசன் முடிந்த கையோடு பழத்தை வாங்கிச் சாப்பிட்ட ஒரு வெளிநாட்டு அம்மாள் அவர் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். அவள் சொன்ன நன்றியை ஏற்றுமதிக் கம்பெனி சூப்பர்வைசர் தயாளன் தமிழில் சொன்னான். பூச்சிமருந்துச் சோதனையில் தேறிய ஒரே தோட்டம் இது என்பதால், ஊர்ப் பழத்துக்கெல்லாம் இந்த ஸ்டிக்கரையே ஒட்டச் சொன்னவன் அவன்தான்.

"இந்த வருஷம் என் மரம் காய்க்கவே இல்லையே தம்பி. அவங்ககிட்ட சொல்லிடு," என்றார் முனிரத்தினம்.

தயாளனுக்குக் காது மடல் சுட்டது. "நீங்கள் வந்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்த அம்மாள் கண்கலங்கி, முனிரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் அவர் தயாளனைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லிட்டியா தம்பி?"