அண்ணிக்கு மட்டும் பழுப்பு

“ரோஜாவைக் கலர்ல எடுக்கிறீங்க. பக்கத்து வீட்டு நாயைக்கூடக் கலர்ல எடுக்கிறீங்க. அண்ணியை மட்டும் ஏன் சார் டீயில முக்கி எடுக்கிறீங்க?”

கேட்டவர் கேமரா கிளப்பின் செயலாளர். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற சிலர் ஞாயிறு காலையில் ஒரு டியூஷன் அறையில் கூடி, தாங்கள் எடுத்த படங்களைச் சுவரில் ஓடவிட்டு, அடுத்தவர் படத்தில் குற்றம் கண்டுபிடிப்பார்கள்.

சுவரில் தெரிந்த அண்ணி தலை முதல் கால் வரை பழுப்பாக இருந்தாள். புடவை பழுப்பு, நாற்காலி பழுப்பு, பல் பழுப்பு, கண்ணின் வெள்ளைகூடப் பழுப்பு.

“இதுக்கு செபியான்னு பேரு. பழைய காலத்து நிறம்” என்றார் படம் எடுத்த அண்ணியின் கணவர், அசராமல். “முகத்துக்குக் கலர் ஆகாது. பாக்கிறவங்க கவனம் வேற எங்கயாவது போயிடும்.”

தானே ஒருநாள் வீட்டுக்கு வந்து அண்ணியைக் கலரில் எடுத்துத் தருவதாகச் செயலாளர் சொன்னார். வேறு ஆள் எடுத்தால் அவளுக்குச் சிரிப்பு வராது என்று இவர் மறுத்துவிட்டார். தபால் நிலையத்தில் ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவருக்குக் கலை தலைக்கேறிவிட்டது என்று செயலாளர் முடிவு கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கணவர் மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து அன்றைய படத்தை எடுத்தார். அதைப் பழுப்பாக்கி, வெளியூரில் படிக்கும் மகனுக்கு அனுப்பினார்.

அம்மா முகத்தைப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளுக்கு ஒரு தும்மல் என்று கேள்விப்பட்டாலே பரீட்சையைப் போட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவான். போன வருடப் படிப்பு அப்படித்தான் பாழாயிற்று. இந்தத் தடவையாவது பிள்ளை ஒழுங்காக எழுதி முடிக்க வேண்டுமே என்பதுதான் இருவருக்கும் ஒரே கவலை.

வீடியோவில் வரச் சொல்லி முன்பெல்லாம் பிடுங்கி எடுப்பான். நெட் இழுக்கிறது என்பார் அப்பா. கொஞ்ச நாளாக அங்கேயும் நெட் இழுக்கிறதாம், அவனும் கேட்பதில்லை.

கைப்பேசி கிணுகிணுத்தது. மகன் பதிலுக்குத் தன் படத்தை அனுப்பியிருந்தான். விடுதி ஜன்னல், கையில் புத்தகம், முகம் நிறையச் சிரிப்பு. எல்லாம் ஒரே பழுப்பு.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதை உடனே செயலாளருக்கு அனுப்ப வேண்டும் என்றார், அடுத்த ஞாயிறு சுவரில் போட வேண்டும் என்றார்.

“பாத்தியா? புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?”

மனைவி கைப்பேசியை வாங்கினாள். மகனின் முகத்தை விரலால் பெரிதாக்கி, கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலையெல்லாம் இருக்கட்டும்” என்றாள். “அவனுக்கும் கண்ணு மஞ்சளா இருக்கான்னு கேளுங்க.”