ஒரு முழத்துக்குக் கீழே

"ஒரு முழம் ஆச்சு. நிறுத்து பெருசு!"

குரல் கேட்டதும் தாடிக்காரர் களைக்கொத்தைக் கீழ வச்சாரு. கையில பாதியில அறுந்த கோரை வேர்.

"இன்னும் நாலு விரக்கடைதான் சார். கிழங்கு அங்க உக்காந்துக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஒரு முழத்துக்கு மேல தோண்டக் கூடாது. ரூல் ரூல்தான்."

அப்படிச் சொன்னவர் கழுத்துல எப்பவும் விசில் தொங்குறதால அவருக்குப் பேரே விசில் சார். வயசுல தாடிக்காரரோட மகன் மாதிரி.

"மேல மட்டும் பிடுங்குனா அது கோரைக்கு முடி வெட்டி விடுற கணக்கு சார். ஒரே வாரத்துல அழகா கிராப்போட வந்து நிக்கும்."

"அப்ப மருந்து அடி."

"அதையும் நீங்கதானே உள்ள விட மாட்டேங்குறீங்க!"

விசில் சாருக்கே சிரிப்பு வந்துடுச்சு. தாடிக்காரருக்கு வரல. நாளைக்குள்ள களை ஒழியலைன்னா நாலு பாத்தியையும் மூடி சிமென்ட் போட்டுடுவேன்னு பெரிய அதிகாரி மேடம் கெடு வச்சிருந்தாங்க. கத்திரி நாத்தெல்லாம் கோரைக்கு நடுவுல மூச்சு முட்டி நிக்குது. இந்தப் பாத்தியை விட்டா, காலையில கண்ணு முழிக்க அவருக்கு வேற காரணமே கிடையாது.

மதியமே மேடம் வந்து நின்னாங்க.

"என்னய்யா, இன்னும் பச்சைப்பசேல்னு இருக்கு?"

"தப்பா நினைக்காதீங்க மேடம், தப்பு ரூல் மேல. கிழங்கெல்லாம் ஒரு முழத்துக்குக் கீழ. இந்தக் குட்டிக் கொத்தை வச்சு நான் அதுக்குக் கிச்சுக்கிச்சுதான் மூட்டலாம்."

விசில் சார் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

மேடம் காய்ச்சுப்போன அந்தக் கைகளைப் பார்த்தாங்க. "வேர் மதில் வரைக்கும் ஓடியிருக்கா?"

"மதிலுக்கு அடியிலயும் மேடம்."

மேடம் விசில் சார் பக்கம் திரும்பினாங்க.

"கடப்பாரையைக் கொண்டாந்து குடுங்க."

"மேடம்!" விசில் சார் பதறிட்டாரு.

"எவ்வளவு ஆழம்னாலும் தோண்டட்டும். நான் பொறுப்பு."

தாடிக்காரர் கடப்பாரையை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. மதிலோரமா இடுப்பளவு குழியில நின்னு, கொட்டைப்பாக்கு மாதிரி ஒவ்வொரு கிழங்கா வெளிய எறிஞ்சாரு. ஒரு கூடை நிறைஞ்சுது.

சாயங்காலம் மேடம் ரூமுக்கு விசில் சார் ஓட்டமா ஓடி வந்தாரு.

"எண்ணிட்டேன் மேடம், கைதிங்க நாப்பது பேரும் உள்ள இருக்காங்க. மதிலோரக் குழியை மூடுன்னு நான் சொல்லவே இல்ல... அந்தப் பெரியவரே மூடிட்டு, கடப்பாரையைக் கழுவி என் கையில குடுத்துட்டாரு."