வாசலுக்கு ஒரு சொம்பு

பூபாலன் ஓடி முடித்துவிட்டான். ஆவடி குவார்ட்டர்ஸே கைதட்டியது.

தொழிற்சாலை ஆண்டு விழா அரை மாரத்தானில் கடைசியாக வந்தவனுக்குத்தான் இத்தனை ஆரவாரம். நாற்பது தாண்டி, தொப்பையோடு, முதல் ஓட்டம். சும்மாவா?

குவார்ட்டர்ஸ் தெருக்களையே சுற்றிச் சுற்றி வரும் பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் வாசலுக்கு வாசல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்கள். மறுத்தால் முகம் வாடிவிடுமே என்று பூபாலன் அத்தனையையும் குடித்தான். சங்கச் செயலாளர் கஜபதி ஸ்கூட்டரில் கூடவே வந்து பாட்டில் பாட்டிலாகத் திணித்தார். அவ்வளவு பாசம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியவன் தள்ளாடி உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். மனைவி சுதாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

கஜபதி பதறிப்போய் பாட்டிலைத் திறந்து அவன் வாயருகே கொண்டுபோனார். சுதா பட்டென்று தட்டிவிட்டாள்.

"இன்னாம்மா இது? கட்டுன புருசன் மயங்கிக் கெடக்கான், ஒரு வாய் தண்ணி குடுக்க உடமாட்டியா?"

"வாந்தியே வெறும் தண்ணியாத்தான் வருது. இனி ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கண்ணே."

கல்நெஞ்சுக்காரி என்று கூட்டம் அவள் காதுபடவே பேசியது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் யாரையும் கிட்டே விடவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பூபாலன் கண் திறந்து, "சுதா, மெடல் குடுத்தாங்களா?" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீரில் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய், அந்தத் தண்ணீர் மூளைக்குள் இறங்கி, மூளை வீங்கிவிட்டதாம். உப்பு மருந்து ஏற்றியபிறகு வீக்கம் வடிகிறதாம்.

"இன்னும் ஒரு பாட்டில் உள்ள போயிருந்தா எங்க கையில இல்லம்மா."

அதற்குள் குவார்ட்டர்ஸே திரண்டு வந்துவிட்டது. முன்னால் கஜபதி. அழுது அழுது கண் சிவந்திருந்தது. கோபம் மட்டும் அடங்கவில்லை.

"டாக்டர், வெயில்ல தண்ணி பத்தாமத்தானே இப்டி ஆச்சு? இந்தம்மா குடுக்கவே உடல, சார்."

டாக்டர் வாயைத் திறந்தார். சுதா முந்திக்கொண்டாள்.

"தப்புதாண்ணே. அடுத்த வருசம் ஓடுறவங்களுக்குத் தண்ணி குடுக்குற வேலைய என்கிட்ட மட்டும் விட்டுடுங்க. பரிகாரமா இருக்கட்டும்."