ஏழு மணி ட்ரிப்

“எழுந்திருக்க மாட்டேன். என்ன செய்வியோ செஞ்சுக்கோ!”

போர்வைக்குள்ளிருந்து தங்கை போட்ட கூச்சல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. அக்கா அசரவில்லை. இருபது வருடம் பேருந்து ஓட்டியவள். படியில் தொங்குகிறவர்களை அதட்டி உள்ளே ஏற்றியவளுக்கு, கட்டிலில் கிடக்கிற ஒருத்தியை இறக்குவதா பெரிய காரியம்? ஜன்னல் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். காலை வெயில் சுள்ளென்று உள்ளே வந்தது. இழுத்தவளுக்கே கண் கூசியது.

“வெயிலாம், நடையாம்! நான் என்ன ஈரத் துணியா, வெயில்ல காயப் போட?”

“வாயாடாதே. மனச்சோர்வுன்னா டாக்டர் மாத்திரை குடுப்பார்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு மட்டும் ஏண்டி வெறுங்கையோட அனுப்பினார்?”

“ஆறு வாரம் இதைச் செஞ்சு பாருன்னார். காலையில வெயில்ல நடக்கணுமாம், நேரத்துக்குச் சாப்பிடணுமாம், நேரத்துக்குத் தூங்கணுமாம், தினம் நாலு பேரோட பேசணுமாம். அதுக்கப்புறமும் தேவைன்னா மாத்திரையைப் பத்திப் பேசலாம்னார். என்னால ஆகாதுன்னு அங்கேயே சொல்லிட்டேன்.”

“ஆகாதா? நீயா நானான்னு பார்த்துடலாம்!”

அக்கா மாடி வீட்டில் தனியாக இருந்தாள். முதுகுவலி என்று நாலு மாதமாக லீவு. கீழ் வீட்டில் இருந்த தங்கைக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. ‘எனக்கு மனச்சோர்வாம்’ என்று முந்தின நாள் அவள் வந்து சொன்னதிலிருந்து அக்காவுக்கு அம்மா ஞாபகமாகவே இருந்தது. அவர்களுடைய அம்மா கடைசி இரண்டு வருடமும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அதற்கு ஒரு பேர் உண்டென்று அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. சோம்பேறி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அம்மாவைக் கொண்டுபோனது தங்கையையும் கொண்டுபோவதா? அக்காவுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம்.

“சரி, வர்றேன். ஆனா கூட நீயும் நடந்தாத்தான் நடப்பேன். நீ சாப்பிட்டாத்தான் சாப்பிடுவேன். ஒரு நாள் நீ வரலைன்னாலும் நான் திரும்பப் படுத்துக்குவேன்” என்றாள் தங்கை.

“பிடிவாதத்துல உன்னை அடிச்சுக்க ஆளில்லைடி!”

அக்காவுக்குத் தெரிந்தது பேருந்து. ஆகவே பேருந்து பாணியிலேயே வைத்தியத்தை ஆரம்பித்தாள். டிப்போவில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு ஒரு ட்ரிப் ஷீட். எழுந்த நேரம், நடந்த தூரம், சாப்பிட்ட நேரம், படுத்த நேரம். முதல் நாள் ஒரு ஸ்டாப் தூரம்தான். அதற்கே இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மறு வாரம் மூன்று ஸ்டாப். தங்கை வழி நெடுக முனகினாள், கல்லில் உட்கார்ந்து மறியல் செய்தாள், செருப்பு கடிக்கிறது என்றாள்.

“எந்த வண்டிதான் சத்தம் போடாம ஓடியிருக்கு? நட!” என்றாள் அக்கா.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஏழேகால் ஆகியும் மாடியிலிருந்து யாரும் இறங்கவில்லை. தங்கை படியடியில் நின்று கைதட்டிக் கூவினாள். “அப்பாடா! அக்கா தோத்துட்டா! நான் போய்த் தூங்கப் போறேன்!”

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தடதடவென்று காலடி கேட்டது. தலையைக்கூட வாராமல் அக்கா இறங்கி வந்தாள். “யாருடி தோத்தது? நட முன்னாடி!”

ஐந்தாவது வாரம் ஒன்பதாவது ஸ்டாப்பைத் தொட்டார்கள். அது டிப்போ. டிரைவர்களும் கண்டக்டர்களும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ‘நீ இல்லாம அந்தப் பழைய வண்டி யாருக்கும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்று ஒருவர் புகார் சொல்ல, அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். தங்கை ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினாள். ஏன் என்று கேட்டதற்கு, தூசி என்றாள்.

ஆறு வாரம் முடிந்தது. தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு அக்கா டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். நாற்பத்திரண்டு ஷீட்டுகளையும் மேஜைமேல் பரப்பினாள்.

“பாருங்க டாக்டர், ஒரு நாள் விடலை. கத்தினா, அழுதா, நடுரோட்டுல உக்காந்தா. விட்டேனா நான்? இப்ப எப்படித் தேறிட்டான்னு நீங்களே சொல்லுங்க!”

டாக்டர் ஒவ்வொரு ஷீட்டாக நிதானமாகப் படித்தார். கடைசி ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லாவே தேறியிருக்கும்மா. ஆனா உங்க தங்கச்சிக்கு எந்தச் சோர்வும் இல்லை. அக்கா நாலு மாசமா ரூமை விட்டு வெளியே வரலை, சாப்பிடறதில்லை, கேட்டா முதுகுவலின்னு பொய் சொல்றான்னு அழுதுக்கிட்டு வந்தவங்க அவங்க.”

அக்கா விருட்டென்று கதவை நோக்கித் திரும்பினாள். அதற்குள் தங்கை ஓடிப்போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“ஆள் வச்சுத் தூக்கினாலும் டாக்டர்கிட்ட வரமாட்டேன்னியேக்கா. இப்ப உன் கால்லயே நடந்து வந்துட்டே. உக்காரு!”