வானத்தில் ஓர் ஓட்டை

வாக்குவம் கிளீனரை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தான்.

சாப்பாட்டு மேசையில் மாமியார் துண்டு துண்டாகச் சேர்த்த ஜிக்சா படம். கப்பல் முழுசாக இருந்தது. கடல் முழுசாக இருந்தது. வானத்தின் நடுவில் மட்டும் ஒரு துண்டு அளவுக்கு ஓட்டை.

பெட்டியைக் கவிழ்த்தான். காலி. மேசைக்கு அடியில் தவழ்ந்தான். இப்போதுதான் அவனே சுத்தம் செய்த தரை, பளிச்சென்று இருந்தது.

கிளீனரைத் திரும்பிப் பார்த்தான்.

கல்யாணமாகி முதல் தடவையாக மாமியார் வீட்டில் வந்து தங்கியிருக்கிறான். வந்ததிலிருந்து அவர் அவனிடம் பேசியது இரண்டே வார்த்தை: 'வாங்க', 'சாப்பிடுங்க'. மாதக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து அவர் சேர்த்த வானம் அது. இன்று மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பல் பிடுங்கப் போயிருக்கிறார். வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று யாரும் கேட்காமலே இறங்கியவனுக்கு இது நன்றாக வேண்டும்.

கிளீனரின் தூசிப் பையைக் கிழித்துக் கொட்டினான். முடி, நூல், ஒரு சட்டைப் பொத்தான். வானம் இல்லை. தும்மல்தான் வந்தது.

'இன்னும் உள்ள கூப்பிடல. செம கூட்டம்' என்று மனைவி செய்தி அனுப்பியிருந்தாள். ஆக, கொஞ்சம் நேரம் இருக்கிறது.

ஜிக்சா பிரியர்களின் இணையக் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, 'அப்பாவி' என்ற பேரில் சேர்ந்து, கேள்வியைப் போட்டான்.

'வாக்குவம் கிளீனர் ஒரு துண்டை விழுங்கிவிட்டது. ஜிக்சா இன்னொருவருடையது. அவர் வருவதற்குள் என்ன செய்வது? அவசரம்.'

முதல் பதில் உடனே வந்தது.

'எந்தக் கம்பெனி கிளீனர்?'

சொன்னான். அது குப்பை என்றார் ஒருவர். அதைவிட நல்லது சந்தையிலேயே கிடையாது என்றார் இன்னொருவர். இருவரும் அவனை மறந்துவிட்டு மோட்டாரைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

'இதெல்லாம் பேசி முடித்த விஷயம். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா?' என்றார் 'ஓரம் முதலில்' என்ற பேர்க்காரர்.

தேடினான். பேசி முடித்த இடத்திலும் 'ஓரம் முதலில்' இதையேதான் சொல்லியிருந்தார்.

வீட்டில் நாய் இருக்கிறதா என்று ஒருவர் விசாரித்தார். இல்லை என்றதும், வளர்க்கலாமே, நல்ல துணை என்றார். இன்னொருவர் தான் சேர்த்த கோட்டையைப் பல கோணத்தில் படமெடுத்துப் போட்டு, 'எனக்கு இதுவரை ஒரு துண்டுகூடத் தொலைந்ததில்லை' என்று ஆறுதல் சொன்னார்.

அட்டையை வெட்டி நீலம் பூசி வைத்துவிடுங்கள் என்றார் ஒரு நல்லவர். அவ்வளவுதான். அது ஏமாற்று வேலை என்று பாதிப் பேர் கொதித்தார்கள். பெட்டி மேல் இருக்கிற படத்தைப் பார்த்துச் சேர்க்கிறீர்களே, அதுதான் ஏமாற்று வேலை என்று மீதிப் பேர் பழைய பகையைத் தூசி தட்டினார்கள்.

அப்போதுதான் 'மூலைத்துண்டு' வந்தார். குழு ஆரம்பித்த காலத்து ஆள் போலிருக்கிறது. சண்டை போட்டவர்கள் எல்லாம் வரிசையாக வணக்கம் வைத்தார்கள்.

'அடுத்தவர் மேசைப் பக்கம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி உம்மை யார் அழைத்தது?' என்றார் மூலைத்துண்டு. 'கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா?'

அத்தனை பேரையும் பொறுத்துக்கொண்டவனுக்கு, உண்மையைச் சொன்னவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

'உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் பாவம்' என்று தட்டி அனுப்பினான்.

குழு ஆடிப்போனது. யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா என்றார்கள். கிளீனர்க்காரர்கள்கூட மோட்டாரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடி வந்தார்கள்.

மூலைத்துண்டு அசரவில்லை.

'படம் போடும். பார்க்கலாம்.'

போட்டான். கப்பல், வானம், ஓட்டை, மேசை விரிப்பின் ஓரத்துப் பூப்பின்னல் எல்லாம் தெரிந்தது.

அதன் பிறகு மூலைத்துண்டிடமிருந்து சத்தமே இல்லை. 'பேச்சு தடம் மாறிவிட்டதால் இந்தப் பதிவு மூடப்படுகிறது' என்று அட்மின் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மனைவியிடமிருந்துதான் செய்தி வந்தது.

'அம்மா உள்ள போயாச்சு. சிரிச்சுக்கிட்டே போனாங்க. பயத்துல இருக்கும்.'

சோப்பு வந்த நீல அட்டைப்பெட்டி ஒன்று சமையலறையில் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தான். அந்தக் கப்பலையும் வானத்தையும் ஒரு முறை பார்த்தான். கத்தரிக்கோலை வைத்துவிட்டான். நேராகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதே மேல்.

வாசல் கதவில் சாவி திரும்பியது.

மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துப்போய், பேச முடியாமல் இருந்தார்.

"அத்தை..." என்று ஆரம்பித்தான். தலையெல்லாம் தூசி.

மாமியார் கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு நீலத் துண்டை வெளியே எடுத்தார்.

"கடைசித் துண்டை வேற யாரும் வெச்சிடக் கூடாதுன்னு அம்மா எப்பவும் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போயிடுவாங்க," என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றியபடி. "என்னைக்கூட ஒரு தடவை வைக்க விட்டதில்ல."

மாமியார் துண்டை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, மேசையைக் காட்டினார்.

மனைவி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் அதைப் பொருத்தி அழுத்தினான். வானம் மூடிக்கொண்டது.

போன் அதிர்ந்தது. குழுவிலிருந்து, மூலைத்துண்டு அனுப்பிய தனிச் செய்தி.

எதிரே மாமியார் ஒரு கையால் கன்னத்தையும் மறு கையால் தன் போனையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

'ஒரே வீட்டில் இருப்பவர்கள் பாவம்தான். தூசிப் பை போனால் போகிறது, புதுசு வாங்கிக்கொள்ளலாம். சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?'